ஒரே தப்பு, பதவிக்கொரு தண்டனை: ராணுவ ஒழுங்கு நடவடிக்கை எப்படி நடக்கிறது?

ஆவடி சிப்பாய் ஒருவரும் அண்ணா நகர் கேப்டன் ஒருவரும் ஒரே யூனிட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் லீவில் சென்னைக்கு வருகிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. குறித்த நாளில் ரயில் ஏறாமல், பத்து நாள் கழித்து யூனிட்டில் போய் நிற்கிறார்கள். பட்டாளத்தில் இதை ‘ஓ.எஸ்.எல்.’ என்பார்கள், லீவு முடிந்தும் திரும்பாமல் இருந்துவிட்ட குற்றம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவு இருவருக்கும் பொது. கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம், விதிக்கக்கூடிய அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை என்பதும் இருவருக்கும் பொது. வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பதும் பொது.

அதற்குப் பிறகு பாதை பிரிந்துவிடுகிறது. சிப்பாயைக் கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ., தன் முன் நிறுத்தி விசாரித்து 28 நாள் ராணுவக் காவலில் அடைக்க உத்தரவிடலாம். அதே சி.ஓ.வால் கேப்டனுக்குத் தண்டனை எதுவும் தர முடியாது. கோப்பு பிரிகேட் கமாண்டருக்குப் போக வேண்டும். அவரால் தர முடிந்ததும் கண்டனம் அல்லது கடும் கண்டனம், ஏதாவது நஷ்டம் நிரூபணமானால் அதைச் சம்பளத்தில் பிடிப்பது, அவ்வளவுதான்.

‘பெரிய அதிகாரிக்கு ஒரு நியாயம், எங்க பையனுக்கு ஒரு நியாயமா?’ என்று பட்டாளத்துக் குடும்பங்கள் கேட்பது இதைப் பார்த்துத்தான். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் தண்டனையின் பெயரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. யார் விசாரிக்கிறார், விசாரணையில் அவரைக் கேள்வி கேட்க முடிகிறதா, தண்டனையால் உண்மையில் என்ன போகிறது, மேலே முறையிட வழி எங்கே இருக்கிறது என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் எங்கிருந்து வருகிறது

சிவில் ஆளுக்கு உள்ள அடிப்படை உரிமைகளைப் படையினருக்கு எந்த அளவு குறைக்கலாம் என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்ய அரசியலமைப்பின் 33-வது பிரிவு இடம் தருகிறது. அதன் பலத்தில் நிற்பவை 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும், நடைமுறையைச் சொல்லும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளும். ஐ.என்.எஸ். அடையாறில் இருக்கும் கடற்படையினருக்கு 1957-ஆம் ஆண்டு கடற்படைச் சட்டம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டம். இங்கே தரைப்படையை மட்டும் பார்ப்போம். பதவி வேறுபாடு அதிகம் கண்ணில் படுவது அங்கேதான்.

பதவிகளைச் சட்டம் நான்கு தட்டாகப் பார்க்கிறது. அடியில் சிப்பாய். அதற்கு மேல் நாயக், ஹவில்தார் போன்ற என்.சி.ஓ.க்கள் (நான்-கமிஷன்ட் ஆபீசர்). அதற்கும் மேல் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற ஜே.சி.ஓ.க்கள் (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்). உச்சியில் லெப்டினன்ட் தொடங்கி ஜெனரல் வரை அதிகாரிகள். ‘அதிகாரி’ என்று சட்டம் சொன்னால் இந்தக் கடைசித் தட்டு மட்டும்தான். சுபேதார் மேஜர் முப்பது வருடம் சர்வீஸ் போட்டவராக இருந்தாலும், சட்டத்தின் சொல்லில் அவர் ‘அதிகாரி’ இல்லை. சட்டத்தைப் படிக்கும்போது பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சி.ஓ.வின் மேஜைக்கு முன்னால்

சிப்பாய் மீது புகார் வந்தால் முதலில் குற்றச்சாட்டை எழுதுகிறார்கள். பிறகு 22-வது விதியின்படி சி.ஓ. நேரில் விசாரிக்க வேண்டும். ‘ஆர்டர்லி ரூம்’ என்று பட்டாளத்தில் சொல்வது இதைத்தான். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே நேரில் இருக்க வேண்டும். தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவரைக் குறுக்குக் கேள்வி கேட்கவும், தன் தரப்புச் சாட்சியை அழைக்கவும், தன் விளக்கத்தைச் சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு என்று விதியே சொல்கிறது. அவர் ஏற்கனவே காவலில் வைக்கப்பட்டிருந்தால், 48 மணி நேரத்துக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்பது சட்டத்தின் 102-வது பிரிவு. அதைத் தாண்டினால் மேலதிகாரிக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விசாரித்த பிறகு சி.ஓ.வுக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. குற்றம் இல்லை என்று தள்ளுபடி செய்யலாம். 80-வது பிரிவின் கீழ் தானே தண்டித்து முடிக்கலாம். மேலிடத்துக்கு அனுப்பலாம். விஷயம் பெரிது என்றால் சாட்சியங்களை எழுத்தில் எடுக்கச் சொல்லலாம். ‘சம்மரி ஆஃப் எவிடென்ஸ்’ என்பது அதுதான். அதன் பிறகு கோர்ட் மார்ஷல்.

80-வது பிரிவில் சி.ஓ.வின் கைக்கு எட்டுவது என்னென்ன என்று பார்த்தால் வித்தியாசத்தின் ஆழம் புரியும். 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை. 28 நாள் வரை ‘டிடென்ஷன்’ எனப்படும் தடுப்புக் காவல். 28 நாள் வரை லைனை, அதாவது வீரர்கள் தங்கும் வளாகத்தை, விட்டு வெளியே போகத் தடை. கூடுதல் காவல் பணி. ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம். முதல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மொத்தம் 42 நாளைத் தாண்டக் கூடாது என்று 81-வது பிரிவு கடிவாளம் போடுகிறது.

அதே 81-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. மேலே சொன்ன சிறை, டிடென்ஷன், லைன் தடை மூன்றையும் என்.சி.ஓ.வுக்குக் கொடுக்கக் கூடாது. ஆக, நேற்று வரை சிப்பாயாக இருந்து இன்று நாயக் ஆனவரை, அதே தப்புக்கு, அதே சி.ஓ. தன் மேஜையில் வைத்து உள்ளே தள்ள முடியாது. கண்டனம், கடும் கண்டனம், அபராதம் போன்றவைதான். மறுபக்கம், கண்டனம் என்ற தண்டனையை என்.சி.ஓ.வுக்குக் கீழே உள்ளவருக்குத் தரக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சிப்பாய்க்கு வெறும் எழுத்தில் போகும் கண்டனம் கிடையாது. அவருக்கு உடம்பும் சம்பளமும்தான் தண்டனை.

இதற்குப் படை சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஹவில்தாரைப் பத்து சிப்பாய்கள் கண் முன்னால் யூனிட்டின் காவல் அறையான குவார்ட்டர் கார்டில் அடைத்துவிட்டு, மறுநாள் அதே பத்துப் பேருக்கு அவரையே கட்டளை கொடுக்கச் சொன்னால் கட்டளைக்கு மதிப்பு இருக்காது. என்.சி.ஓ. கோர்ட் மார்ஷலில் சிறைத் தண்டனை பெற்றால், அவர் பதவி இறங்கிச் சிப்பாய் ஆகிவிட்டதாகவே 77-வது பிரிவு கருதுவதும் இதே காரணத்தால்தான். பதவியும் சிறையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது சட்டத்தின் எண்ணம்.

அதிகாரிக்கு எப்படி?

கேப்டன், லெப்டினன்ட் என்றால் 83-வது பிரிவு. பிரிகேட் கமாண்டர் கண்டனம் அல்லது கடும் கண்டனம் கொடுக்கலாம். மேஜர் வரை உள்ளவர்கள் என்றால் 84-வது பிரிவு. ஏரியா கமாண்டர் அளவிலான தளபதி விசாரிப்பார். அவர் கூடுதலாக 12 மாதம் வரை சீனியாரிட்டியைப் பறிக்கலாம்.

லெப்டினன்ட் கர்னலும் அதற்கு மேலும்? இந்தச் சுருக்கு வழிப் பிரிவுகள் எதுவும் அவர்களைத் தொடாது. கோர்ட் மார்ஷல் வைக்கலாம். அல்லது நிர்வாக ரீதியாக ‘சிவியர் டிஸ்ப்ளெஷர்’ எனப்படும் அதிருப்திக் கடிதம் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சின்னத் தப்புக்குக் கோர்ட் மார்ஷல் கூட்டத் தளபதிகள் தயங்குவார்கள். ஆகவே மேலே போகப் போகத் தப்புகள் கடிதத்தோடு முடிகின்றன. கீழே இருப்பவர்களுக்கு ‘பெரியவங்க தப்பிச்சுட்டாங்க’ என்ற எண்ணம் வருவதற்குச் சட்டத்தின் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

ஆனாலும் கண்டனம் என்றால் சும்மா திட்டி அனுப்புவது என்று நினைத்துவிடக் கூடாது. அது அதிகாரியின் பதிவில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பதவி உயர்வுக் குழுவின் முன்னாலும் வந்து நிற்கும். மேலே போகப் போக இடம் குறையும் கூம்பு அது; ஒரு கறை போதும், ஒரு மேஜர் மேஜராகவே ஓய்வு பெற. சிப்பாயின் 28 நாள் முடிந்துபோகும், கண்டனம் முடியாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் பாதிதான் சரி. சிப்பாயின் 28 நாளும் அப்படி முடிவதில்லை. அவருடைய நடத்தைப் பதிவேட்டில் அது சிவப்பு மையில் ஏறுகிறது. அந்தச் சிவப்பு மையைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இந்த அதிகாரம் சி.ஓ.வுக்கு எப்படி வந்தது

சென்னைக்கு இந்தக் கேள்வி பழகியது. 1805-இல் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜான் கிரடாக், சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, காதணி போடக் கூடாது, தோல் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு கொண்டுவந்தார். மறுத்த வேலூர்ச் சிப்பாய்கள் சிலரைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவந்து விசாரித்துக் கசையடி கொடுத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுச்சி வெடித்தது. அது ரத்தத்தில் அடக்கப்பட்ட பிறகு, அந்த உத்தரவைப் போட்ட கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். உத்தரவை மறுத்தவருக்கு முதுகில் அடி. போட்டவருக்கு ஊர் திரும்பக் கப்பல். அதே பென்டிங்க் பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வந்து, 1835-இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை நிறுத்தினார். பத்து ஆண்டில் அது மீண்டும் கொண்டுவரப்பட்டது என்பது வேறு கதை.

1857-க்குப் பிறகு சிப்பாயை உடனுக்குடன் தண்டிக்கும் அதிகாரம் யூனிட் தலைவனின் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடம் உறுதிப்பட்டது. அந்த எண்ணத்தின் குழந்தைதான் ‘சம்மரி கோர்ட் மார்ஷல்’. சுதந்திர இந்தியாவின் 1950 சட்டமும் அதை வைத்துக்கொண்டது. நமது கடற்படையிலும் விமானப்படையிலும் அது இல்லை.

ஒரே ஆள் நீதிமன்றம்

கோர்ட் மார்ஷலில் நான்கு வகை. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்கார வேண்டும். சட்ட ஆலோசனைக்கு ஜட்ஜ் அட்வகேட் ஒருவர் இருப்பார். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 3 பேர். 2 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. சம்மரி ஜெனரல் என்பது பெரும்பாலும் போர்ப் பணிக்காலத்துக்கு. நான்காவது சம்மரி கோர்ட் மார்ஷல், சுருக்கமாக எஸ்.சி.எம்.

எஸ்.சி.எம்.மில் சி.ஓ. ஒருவரே நீதிமன்றம். கூட இரண்டு பேர், அதிகாரியோ ஜே.சி.ஓ.வோ, கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று 116-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அவர்கள் உறுதிமொழி எடுப்பதில்லை, தீர்ப்பில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. சி.ஓ. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் என்றால் ஓர் ஆண்டு வரை சிறை, அதற்குக் கீழ் என்றால் 3 மாதம். அதோடு வேலைநீக்கமும் செய்யலாம். மற்ற மூன்று வகையிலும் தீர்ப்பை மேலதிகாரி உறுதிப்படுத்திய பிறகுதான் செல்லும். எஸ்.சி.எம். தீர்ப்புக்கு அது தேவையில்லை; உடனே நிறைவேற்றலாம் என்கிறது 161-வது பிரிவு. நடவடிக்கைக் குறிப்புகள் பிரிகேட் அல்லது டிவிஷன் தளபதிக்குப் பின்னால் போகும். அவர் தண்டனையைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதற்குள் சிப்பாய் சிறையில் இருப்பார்.

இந்த எஸ்.சி.எம். சிப்பாய்க்கும் என்.சி.ஓ.வுக்கும் மட்டும்தான். 120-வது பிரிவு அதிகாரி, ஜே.சி.ஓ. இருவரையும் விலக்கி வைக்கிறது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலும் அவர்களைத் தொட முடியாது. ஆக ஓர் அதிகாரியின் வேலையைக் கோர்ட் மார்ஷல் மூலம் பறிக்க வேண்டுமென்றால் பல அதிகாரிகள் கூடி உட்கார்ந்து, வாக்கெடுத்து, மேலே உறுதிப்படுத்த வேண்டும். 14 வருடம் வேலை செய்த ஹவில்தாரின் வேலையைப் பறிக்க ஒருவர் போதும். சிப்பாய்க்கு ஓய்வூதியத் தகுதி 15 ஆண்டு என்பதையும், வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்குச் சாதாரணமாக ஓய்வூதியம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு கையெழுத்தில் போவது அந்தக் குடும்பத்தின் முதுமைக்கால வருமானம்.

எஸ்.சி.எம்.மில் வக்கீலோ நண்பரோ கூட வரலாம். ஆனால் 129-வது விதியின்படி அவர் சிப்பாயின் காதில் ஆலோசனை சொல்லலாம், என்ன கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம். தானே எழுந்து சாட்சியை விசாரிக்கவோ வாதாடவோ முடியாது. பத்தாவது, பன்னிரண்டாவது படித்த ஒருவர், தன் சி.ஓ.வின் முன்னால் நின்று, சாட்சிகளைத் தானே குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும்.

ரஞ்சித் தாக்கூர் வழக்கைத் தெரிந்துகொண்டால் இதில் என்ன கெடலாம் என்பது விளங்கும். அவர் ஒரு சிக்னல் படை வீரர். தன் சி.ஓ. தன்னைக் கொடுமைப்படுத்துவதாக மேலதிகாரிக்கு நேரடியாக மனு அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று அவருக்கு 28 நாள் தண்டனை. அதை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, சாப்பிடச் சொன்ன கட்டளைக்கு அவர் பணியவில்லை என்று புதிய குற்றச்சாட்டு. 1985-இல் எஸ்.சி.எம். கூடியது. நீதிபதி இடத்தில் உட்கார்ந்தவர், தாக்கூர் யார் மீது மனு கொடுத்தாரோ அதே சி.ஓ. ஓர் ஆண்டுக் கடுங்காவல், வேலைநீக்கம். 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாரபட்சத்தை அளக்க ‘நான் நடுநிலையாகத்தானே இருக்கிறேன்’ என்று விசாரிப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்வது போதாது, எதிரே நிற்பவருக்கு எப்படித் தோன்றும் என்று கேட்க வேண்டும் என்றது. சாப்பிட மறுத்ததற்கு வேலையையே பறிப்பது குற்றத்தின் அளவுக்குப் பொருந்தாத தண்டனை என்றும் சொன்னது.

2016-இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எஸ்.சி.எம். வழக்கமான கருவி அல்ல, உடனடி நடவடிக்கை தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டிய விதிவிலக்கு என்றது. போர்முனையில், மேலிடத்துக்குக் கோப்பு அனுப்ப நேரமில்லாத நிலையில் அதற்கு அர்த்தம் உண்டு. அமைதியான நகரத்து முகாமில், ஓ.எஸ்.எல். வழக்குக்கு, என்ன அவசரம் இருக்க முடியும்?

அதிகாரிக்குச் சட்டம் கடுமையாக இருக்கும் இடங்கள்

தராசின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தன் நிலைக்குப் பொருந்தாத நடத்தை என்ற 45-வது பிரிவு அதிகாரிக்கும் ஜே.சி.ஓ.வுக்கும் மட்டும்தான், சிப்பாய் மீது அதைப் போட முடியாது. ‘கேஷியரிங்’ எனப்படும், அவமானத்தோடு பதவி பறித்தல் அதிகாரிக்கு மட்டுமே உரிய தண்டனை. ஓர் அதிகாரிக்குச் சிறை விதிக்க வேண்டுமென்றால் முதலில் அவரை அப்படி நீக்கியே ஆக வேண்டும் என்று 74-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. சிப்பாய் சிறைக்குப் போய் வந்து மறுபடி வேலையில் தொடரலாம். அதிகாரிக்கு அந்த வழி அடைபட்டது.

குடிபோதைக்கு 48-வது பிரிவு. பணியில் இல்லாத நேரத்தில், போர்ப்பணி இல்லாத இடத்தில் சிப்பாய் போதையில் பிடிபட்டால் ஆறு மாதத்துக்கு மேல் போக முடியாது. அதிகாரிக்கு அந்த உச்சவரம்பு இல்லை; பதவி பறிப்பு வரை போகலாம். தனக்குக் கீழ் உள்ளவரை அடிப்பது, கொடுமைப்படுத்துவது 47-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இந்தப் பிரிவைப் பற்றி எல்லா ஜவான்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது.

எது நியாயமான வித்தியாசம், எது இல்லை

தண்டனையின் வடிவம் பதவிக்கு ஏற்ப மாறுவது இயல்பு. பறிக்கச் சீனியாரிட்டி இல்லாதவரிடம் சீனியாரிட்டியைப் பறிக்க முடியாது. ஆனால் விசாரணையின் தரம் பதவிக்கு ஏற்ப மாறுவதற்கு ஏற்கத்தக்க காரணம் தெரியவில்லை. குறிப்பாக ஓர் இடம் உறுத்துகிறது. 84-வது பிரிவில் சீனியாரிட்டி பறிபோகும் நிலை வந்தால், ‘எனக்குக் கோர்ட் மார்ஷல் விசாரணையே வேண்டும்’ என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. 80-வது பிரிவில் 28 நாள் உடல் சுதந்திரமே போகப்போகிற சிப்பாய்க்கு அந்த உரிமை இல்லை. போகும் பொருள் பெரிதாக இருக்கும் இடத்தில் பாதுகாப்பு சிறிதாக இருக்கிறது.

இதை மாற்றினால் படை கலைந்துவிடும் என்ற பயத்துக்கு வெளிநாட்டு அனுபவம் பதில் சொல்கிறது. பிரிட்டனில் சி.ஓ. விசாரிக்கும் முன் கோர்ட் மார்ஷலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிப்பாய்க்கு உண்டு, சி.ஓ.வின் தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு கேட்கத் தனி நீதிமன்றமும் இருக்கிறது. அமெரிக்காவில், கப்பலில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள், சி.ஓ.வின் சுருக்குத் தண்டனையை மறுத்துக் கோர்ட் மார்ஷல் கேட்கலாம். கோர்ட் மார்ஷலில் உட்காருபவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்ற சிப்பாய்கள், சார்ஜென்ட்கள் இருக்க வேண்டும் என்றும் அங்கே கேட்கலாம். நம் நாட்டில் கோர்ட் மார்ஷல் உறுப்பினர்கள் எல்லோரும் அதிகாரிகள்தான். அதிகாரியை அவர் பதவிக்குக் குறையாதவர்கள் விசாரிக்க வேண்டும் என்று 40-வது விதி பார்த்துக்கொள்கிறது. ஹவில்தாரை விசாரிக்கும் இடத்தில் ஹவில்தார் இருப்பதில்லை.

முறையீட்டிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தனக்கு அநீதி நடந்ததாக நினைக்கும் அதிகாரி, சி.ஓ.விடம் தீர்வு கிடைக்காவிட்டால் 27-வது பிரிவின் கீழ் மத்திய அரசு வரை போகலாம். சிப்பாய்க்கு 26-வது பிரிவு. முதலில் தன் கம்பெனி அதிகாரி, பிறகு படிப்படியாக மேலே. புகாரே அந்த அதிகாரி மீதுதான் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. இந்த ஒரு வரியை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. அதே நேரம், தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 56-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அதனால் எழுதும்போது நடந்ததை மட்டும், தேதியோடு, சாட்சி பெயரோடு எழுத வேண்டும்.

சிவப்பு மை

நடத்தைப் பதிவேட்டில் கனமான தண்டனைகள் சிவப்பு மையில் ஏறும். ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்ற பெயர் அதனால் வந்தது. இப்படி நான்கு சேர்ந்தால், ‘விரும்பத்தகாத வீரர்’ என்று 13-வது விதியின் கீழ் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. நான்கு முறை பத்துப் பத்து நாள் லீவு தள்ளிப்போன ஒருவர் இதில் மாட்டிக்கொள்வது அரிதில்லை. 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு தடுப்பு வைத்தது. நான்கு பதிவு இருப்பதே காரணமாகாது. நியாயமான விசாரணை வேண்டும். எவ்வளவு காலம் வேலை செய்தார், எப்படிப்பட்ட கடினமான இடங்களில் இருந்தார், ஓய்வூதியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

39-வது பிரிவு ‘போதிய காரணம் இல்லாமல்’ லீவைத் தாண்டுவதைத்தான் குற்றம் என்கிறது. ஆகவே வழக்கின் உயிரே அந்தக் காரணத்துக்கான காகிதத்தில் இருக்கிறது. அம்மாவை ஸ்டான்லியிலோ ராஜீவ் காந்தி மருத்துவமனையிலோ சேர்த்திருந்தால், சேர்த்த தேதியும் வெளியே அனுப்பிய தேதியும் உள்ள சீட்டின் நகல் வேண்டும். லீவு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு யூனிட்டுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். போனில் பேசினால் மட்டும் போதாது, எழுத்திலும் போக வேண்டும், ரசீது கையில் இருக்க வேண்டும். பல வழக்குகள் தோற்பது காரணம் பொய் என்பதால் அல்ல. காரணம் உண்மை, காகிதம் இல்லை. முப்பது நாள் தாண்டினால் 106-வது பிரிவின்படி விசாரணைக் குழு அமைத்து, படையை விட்டு ஓடியவராகப் பதிவு செய்ய வழி திறந்துவிடும். அதற்கு முன் எப்படியாவது போய் ஆஜராகிவிட வேண்டும்.

விசாரணைக்கு நிற்கும்போது கையெழுத்து விஷயத்தில் கவனம் தேவை. ‘ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சுடும்’ என்று யாராவது அன்பாகவே சொல்லலாம். எஸ்.சி.எம்.மில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொன்னால் சாட்சி விசாரணையே இல்லாமல் தண்டனைக்குப் போய்விடுவார்கள். அதன் விளைவு என்ன என்பதை விசாரிப்பவர் விளக்க வேண்டும் என்று 115-வது விதி சொல்கிறது. புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒப்புதல் வாக்குமூலத்தின் கீழ் வீரரின் கையெழுத்தே இல்லாத காரணத்தால் ரத்தான எஸ்.சி.எம். தீர்ப்புகள் உண்டு. கோர்ட் மார்ஷல் என்று அறிவித்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவில் குறைந்தது 96 மணி நேரம் தர வேண்டும் என்பது 34-வது விதி. போர்ப்பணியில் 24 மணி நேரம். அறிவிப்புக் காகிதத்தில் உள்ள தேதியோடு நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டனை வந்த பிறகு, கோர்ட் மார்ஷல் என்றால் 164-வது பிரிவின் கீழ் மனு. நடவடிக்கைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. அது இல்லாமல் மனு எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது போல. சி.ஓ.வின் 80-வது பிரிவுத் தண்டனை என்றால், அது சட்டத்துக்கு மாறானது, நியாயமற்றது, அளவுக்கு மீறியது என்று மேலதிகாரிக்கு மனு கொடுக்கலாம். அவர் ரத்து செய்யவோ குறைக்கவோ 87-வது பிரிவு இடம் தருகிறது.

அதற்கும் மேலே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். வேலைநீக்கம் செய்த எஸ்.சி.எம்., மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதித்த எஸ்.சி.எம். ஆகியவற்றை அங்கே எடுத்துச் செல்லலாம். அதற்குக் குறைந்த எஸ்.சி.எம். தண்டனைகளும், 28 நாள் போன்ற சுருக்குத் தண்டனைகளும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. அதிகாரிகளை விடச் சிப்பாய்களை இந்த ஓட்டை அதிகம் பாதிக்கிறது, ஏனென்றால் இந்தச் சின்னத் தண்டனைகளில் சிறை என்பது அவர்களுக்கு மட்டும்தான்.

தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் படைக்குள் உள்ள முறையீட்டை முடித்திருக்க வேண்டும். அங்கே கொடுத்த மனுவுக்கு 6 மாதம் பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. இறுதி உத்தரவு வந்திருந்தால் அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வேலையில் இருக்கும்போது அவர் இருக்கும் இடத்துக்கு உரிய அமர்வில் போட வேண்டியிருக்கும். வேலையை விட்டு அனுப்பப்பட்டவருக்கு அந்தச் சிரமம் இல்லை. காஷ்மீரிலோ அசாமிலோ தண்டிக்கப்பட்டிருந்தாலும், ஆவடியில் குடியிருப்பவர் சென்னை அமர்விலேயே மனுவைக் கொடுக்கலாம். குடியிருப்புக்குச் சான்றாக ரேஷன் கார்டு, ஆதார் நகலை முதல் நாளே மனுவோடு இணைத்துவிட வேண்டும்.